ஓடாமலே ஏன் ஏறியது நாடித்துடிப்பு?

பத்தாம் வகுப்புக்குச் சுற்றோட்டப் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு செயல்பாடு செய்வேன். மாணவர்கள் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். பிறகு முற்றத்தை மூன்று முறை சுற்றி ஓடி வந்து மறுபடியும் எண்ணுவார்கள். உழைப்பு கூடினால் துடிப்பு கூடும் என்பதைப் புத்தகம் சொல்வதற்கு முன்பே அவர்களது விரல்கள் சொல்லிவிடும்.

சென்ற ஆண்டு அந்தப் பாடவேளையில் நல்ல மழை. பெரம்பூரில் மழை என்றால் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஓட வழியில்லை. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. சட்டென்று ஒரு யோசனை வந்தது. உட்கார்ந்தபடி முதல் எண்ணிக்கையைக் குறிக்கச் சொன்னேன். பெரும்பாலோருக்கு 75-க்கும் 85-க்கும் நடுவில் இருந்தது. அடுத்து, "நோட்டை மூடுங்க. ஐந்து நிமிஷத்துல டெஸ்ட். இருபது மார்க். சாயங்காலமே வீட்டுக்குத் தகவல் போயிடும்" என்றேன். வகுப்பு அப்படியே உறைந்தது. அரை நிமிடம் விட்டு, "இப்போ எண்ணுங்க" என்றேன்.

90, 96, 102 என்று எண்கள் வந்தன. ஒரு மாணவிக்கு 110. தேர்வு எதுவும் இல்லை என்று சொன்னதும் எழுந்த பெருமூச்சுக்கு நடுவே, கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் கேட்டான்: "மிஸ், நாங்க எடத்த விட்டே எந்திரிக்கல. அப்புறம் எப்டி மிஸ் ஏறிச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலையும், அதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இரண்டு பாடங்களுக்கு நடுவில் ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இதயம் ஒரு பாடத்தில் வருகிறது. அட்ரினல் சுரப்பி ஹார்மோன்கள் பாடத்தில் வருகிறது. இரண்டையும் தனித்தனியாக நடத்தி, தனித்தனியாகத் தேர்வு வைத்து முடித்துவிடுகிறோம். ஆனால் நம் உடம்பில் இவை இரண்டும் ஒரே பாடம்தான்.

பயமோ கோபமோ அவசரமோ வந்தால் மூளை முதலில் பரிவு நரம்புகள் வழியாக இதயத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அது வினாடிகளில் போய்ச் சேரும். கூடவே சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை இரத்தத்தில் கலக்கிறது. இதயத் தசைச் செல்களின் மேற்பரப்பில் இந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கு பீட்டா ஏற்பிகள் என்று பெயர். அட்ரினலின் வந்து அங்கே பொருந்தியதும் இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கத் தொடங்குகிறது. துரத்தும் நாயிடமிருந்து தப்பி ஓட இது தேவை. ஆனால் திடீர்த் தேர்வுக்கும், அதிகாரியின் தொலைபேசி அழைப்புக்கும், மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்கும் உடம்பு இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. நாம் ஓடுவதில்லை, இதயம் மட்டும் ஓடுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கரும்பலகையில் போடலாம். நிமிடத்துக்கு 72 முறை என்றால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் வென்ட்ரிக்கிள்கள் சுருங்குவது சுமார் 0.3 வினாடி, தளர்வது சுமார் 0.5 வினாடி. உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயம், தன் சொந்தத் தசைக்கான இரத்தத்தில் பெரும்பகுதியை இந்தத் தளரும் நேரத்தில்தான் கரோனரித் தமனிகள் வழியாகப் பெற்றுக்கொள்கிறது. துடிப்பு வேகமெடுக்கும்போது சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை. தளரும் நேரம்தான் பெரிதும் குறைகிறது. அதாவது, இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் அதே வேளையில், அதைப் பெறும் நேரம் சுருங்கிவிடுகிறது.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது ஒன்றும் செய்யாது. தமனிகள் அகலமாக, மிருதுவாக இருக்கும். ஐம்பது வயதில், உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை குறுகிய தமனிக்கு இதே வேகம் தாங்காது. உயரும் இரத்த அழுத்தம் அந்தப் படிவைக் கீறிவிடலாம். கீறிய இடத்தில் இரத்தத் தட்டுகள் ஒட்டிக் கட்டியாகலாம். அட்ரினலின் அந்தத் தட்டுகளையும் எளிதில் ஒட்டவைக்கும். பாதை முழுதும் அடைத்துவிட்டால் அதுதான் மாரடைப்பு.

மன அழுத்தம் இதயத்தைத் தாக்குமா என்பது வெறும் பேச்சு அல்ல. கேரளத்தில் பிறந்த இதயநோய் ஆய்வாளர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளியானது. மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் முக்கியக் காரணிகளில் ஒன்றாக வைத்தது. தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது என்பதையும் அதுவே காட்டியது.

நான் செய்த தவறு

இதையெல்லாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தியவள் நான். ஆனால் எனக்கென்று வந்தபோது படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. கூடவே படபடப்பும் இருந்ததால், மருத்துவர் மெட்டோபிரோலால் என்ற பீட்டா தடுப்பான் மாத்திரையும், இன்னொரு இரத்த அழுத்த மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டேன். எட்டு மாதம் கழித்து அளந்தபோது 124/80. மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தவள், "இதுதான் நார்மல் ஆயிடுச்சே" என்று அன்றிரவே மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. அறிவியல் ஆசிரியை அல்லவா, கேட்கத் தோன்றவில்லை!

அரையாண்டுத் தேர்வு வந்தது. விடைத்தாள் கட்டுகள், எமிஸ் பதிவுகள், வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒரு மதியம் ஆசிரியர் அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நெஞ்சின் நடுவில் யாரோ அம்மிக்கல்லை வைத்ததுபோல ஓர் அழுத்தம். இடது தாடை வரைக்கும் இழுத்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் வியர்வை கொட்டியது. "வாய்வாத்தான் இருக்கும். சோடா குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டு நாலாவது தாளைத் திருத்தப் போனேன்.

பக்கத்தில் இருந்த கணித ஆசிரியர்தான் பேனாவைப் பிடுங்கினார். "டீச்சர், மூஞ்சி வெளுத்துப் போச்சு. பேசாம உட்காருங்க" என்று சொல்லிவிட்டு 108-க்கு அழைத்தார். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டியிருந்தது. ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். நல்லவேளை, மாரடைப்பு இல்லை. இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வந்த வலி அது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாள் மருத்துவர் கேட்டார்: "மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?"

"நார்மலா இருந்துச்சு டாக்டர்."

"மாத்திரை சாப்பிட்டதாலதாம்மா நார்மலா இருந்துச்சு."

நான் கேட்ட பாடங்களிலேயே சிறியது அதுதான். மறக்க முடியாததும் அதுதான்.

பொருந்தும், ஆனால் திறக்காத சாவி

பீட்டா தடுப்பான் எப்படி வேலை செய்கிறது என்பதை மாணவர்களுக்குப் பூட்டும் சாவியும் கொண்டு விளக்கலாம். ஏற்பி பூட்டு, அட்ரினலின் அதற்கான சாவி. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திருகினால் திறக்காத இன்னொரு சாவியை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டால்? உண்மையான சாவி வந்து காத்திருந்து திரும்பிப் போகும். மன அழுத்தம் இருக்கத்தான் செய்யும். அட்ரினலினும் சுரக்கத்தான் செய்யும். செய்தி மட்டும் இதயத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். உடம்பில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கரான ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-இலேயே எழுதியிருந்தார். அன்று நெஞ்சுவலிக்கு மருந்து தேடியவர்களின் கவனம், இதயத்துக்கு அதிக இரத்தத்தைக் கொண்டுபோவதில் இருந்தது. பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே? இதயத்தின் ஆக்சிஜன் தேவையையே குறைத்தால் என்ன? முதலில் உருவாக்கிய மருந்து, எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து 1964-இல் வந்த புரோபிரனலால் நிலைத்தது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேள்வியை மாற்றிக் கேட்பதும் அறிவியல்தான் என்பதற்கு வகுப்பறையில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. சர்ப்பகந்தாச் செடியின் வேர் நெடுங்காலமாக நம் மருத்துவ முறைகளில் பயன்பட்டு வந்தது. அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் அட்ரினலின் வகை வேதிப்பொருள்களைக் காலிசெய்வதே அதன் வேலை. ஆனால் சிலருக்கு அது மனச்சோர்வை உண்டாக்கியதால், அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் பின்னுக்குப் போனது. இதில் மாணவர்களுக்கு இரண்டு செய்திகள் உள்ளன. நம் மண்ணின் அறிவை முறையாகச் சோதித்தால் உலகம் ஏற்கும். மூலிகையில் வந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு.

மருந்து எவ்வளவு காக்கும்?

புரோபிரனலால் வந்த பின் ஒரு பெரிய சோதனை நடந்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,837 பேரை அமெரிக்காவில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். சுமார் இரண்டு ஆண்டுகளில் போலி மாத்திரைக் குழுவில் 9.8 விழுக்காட்டினரும், மருந்துக் குழுவில் 7.2 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். பயன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, 1980-களின் தொடக்கத்தில் முடிவை அறிவித்தார்கள்.

அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. இன்று அடைப்பை உடனே நீக்கும் சிகிச்சை வந்துவிட்டது. இதயத்தின் சுருங்கும் திறன் கெடாமல் தப்பியவர்களுக்கு பீட்டா தடுப்பான் தேவையா என்று ஸ்வீடன், எஸ்தோனியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 5,020 பேரிடம் சோதித்தார்கள். அவர்களுக்குக் கூடுதல் பயன் இல்லை என்று 2024-இல் முடிவு வந்தது. ஆனால் இதயத் திறன் குறைந்தவர்களுக்கும், சிலவகைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும், நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும் அது இன்றும் முக்கியமான மருந்து. ஒரே மருந்து ஒருவருக்கு உயிர்காப்பு, இன்னொருவருக்குத் தேவையற்றது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை நாம் ஏன் சாப்பிடக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான விடை. குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில பீட்டா தடுப்பான்கள் மூச்சுக்குழலைச் சுருக்கி ஆபத்தை உண்டாக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு, சர்க்கரை தாழ்ந்துபோவதை உணர்த்தும் படபடப்பை இவை மறைத்துவிடலாம்.

நான் செய்ததுபோலத் திடீரென்று நிறுத்துவது ஏன் ஆபத்து? ஏற்பிகள் நெடுநாள் அடைபட்டிருந்தால், செல் தன் மேற்பரப்பில் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. பேச்சு சரியாகக் கேட்காதவர் காதைத் தீட்டி வைத்துக்கொள்வதுபோல. அந்த நிலையில் மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், வழக்கமான அட்ரினலினே இதயத்துக்குக் கூச்சலாகக் கேட்கும். துடிப்பும் அழுத்தமும் முன்பிருந்ததைவிடவும் எகிறும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

பீட்டா தடுப்பான் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைத்தான் பிடிக்கிறது. மற்றக் கண்ணிகளுக்கும் மருந்து உண்டு. இரத்த அழுத்த மாத்திரைகள் தமனிச் சுவரின் சுமையைக் குறைக்கின்றன. ஸ்டேட்டின் மாத்திரைகள் கொழுப்புப் படிவு வளராமலும் எளிதில் கிழியாமலும் காக்கின்றன. ஆஸ்பிரின் இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. 1988-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், மாரடைப்பு வந்ததாக ஐயுற்ற 17,187 பேர் பங்கேற்றார்கள். ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் முதல் ஐந்து வார இதய, இரத்தக்குழாய் மரணங்கள் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தன. சில காசுகள் விலையுள்ள மாத்திரை! ஆனால் நோயே இல்லாதவர்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தினமும் ஆஸ்பிரின் போட்டால் இரத்தக்கசிவு வரலாம். அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மருந்தின் எல்லை

எல்லா அடியையும் மருந்து தாங்கிவிடாது. 1990-இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் ஹிக்காரு சாட்டோ என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு விந்தையான இதயநோயை விவரித்தார்கள். மாரடைப்பு போலவே நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம். ஆனால் தமனியில் அடைப்பு இல்லை. இதயத்தின் அடிப்பகுதி மட்டும் சுருங்காமல் பலூனாக உப்பி நின்றது. ஜப்பானிய மீனவர்கள் கணவாய் இனத்தைச் சேர்ந்த ஆக்டோபஸைப் பிடிக்கப் பயன்படுத்தும் குறுகிய கழுத்துப் பானை போல அது தெரிந்ததால், அந்தப் பானையின் பெயரையே வைத்து டக்கோட்சுபோ என்றார்கள். நெருங்கியவரின் இறப்பு, விபத்து, பெரும் அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பின் இது வருகிறது. 2004 அக்டோபரில் நீகாட்டாப் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இந்நோய் அங்கே கூடியது. அளவுக்கு மீறிய அட்ரினலின் வகை வேதிப்பொருள்கள் இதயத் தசையைத் திகைக்க வைப்பதே காரணம் என்று கருதுகிறார்கள்.

2015-இல் வெளியான ஒரு பன்னாட்டுப் பதிவேட்டில் இருந்த 1,750 நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதினர். பெரும்பாலும் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அட்ரினலின்தான் காரணம் என்றால் பீட்டா தடுப்பான் இதில் கைகொடுக்க வேண்டுமே என்று நமக்குத் தோன்றும். அந்தப் பதிவேட்டில் அப்படித் தெரியவில்லை. வேறுவகை இரத்த அழுத்த மருந்து பெற்றவர்களே ஓராண்டு முடிவில் அதிகம் பிழைத்திருந்தனர். தர்க்கத்துக்குச் சரியாகப் படுவதெல்லாம் சோதனையில் சரியாக வருவதில்லை. நான் இதை மாணவர்களிடம் மறைப்பதில்லை.

நம் தெருவில் நடந்த வரலாறு

எங்கள் மாணவர்களில் பலர் ஐசிஎஃப், லோகோ, கேரேஜ் பணிமனைகளில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையை அவர்கள் தினமும் கடந்து போகிறார்கள். 1975-இல் மருத்துவர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி மாற்றுவழி அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தது அங்கேதான். இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. "நம்ம பெரம்பூர்லயா மிஸ்?" அடைபட்ட தமனிக்குப் பக்கத்தில் புதுப்பாதை போடும் அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மாத்திரை தொடர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். இல்லாவிட்டால் புதுப்பாதையும் பழைய பாதைபோல் ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நடந்த ஒரு திட்டத்தையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மருத்துவமனைகளோடும் 108 ஆம்புலன்சோடும் இணைத்தார்கள். சிறு மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் முக்கியமான வழி. 2,420 நோயாளிகளின் விவரம் 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தனர். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருக்கிற மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழியில் வந்தது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் தவணை மருந்து கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8 என மொத்தம் 14 மாத்திரைகள். தமனியை அடைக்கும் கட்டி வளரும் வேகத்தை இவை தடுக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மருந்து வாசல்வரை வந்துவிட்டது. அங்கிருந்து வாய்வரை போவதுதான் மிச்சம். அந்தக் கடைசிப் பத்தடிக்கு நம் மாணவர்கள் உதவ முடியும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முதல் பாடவேளையில் நாடித்துடிப்புச் செயல்பாடு. ஓடியபின் ஒரு முறை, ஓடாமல் திடீர்த் தேர்வு அறிவிப்புக்குப் பின் ஒரு முறை. இந்தச் சின்னப் பொய்யை ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள். பதற்றம் அதிகமுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் இதைத் தவிர்த்து, ஒரு கதையைப் பரபரப்பாகச் சொல்லியும் எண்ண வைக்கலாம். பிறகு மூன்று நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து விடச் செய்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எண் இறங்குவதை அவர்களே பார்ப்பார்கள். தொடக்க வகுப்புகளில் எண்ண வேண்டாம். நெஞ்சில் கைவைத்து 'டப் டப்' வேகமா மெதுவா என்று உணர்ந்தாலே போதும்.

இரண்டாம் பாடவேளையில் பூட்டு-சாவி விளையாட்டு. சிலர் ஏற்பிகள், சிலர் அட்ரினலின், சிலர் தடுப்பான். அட்ரினலின் மாணவர் ஏற்பியின் கையைப் பிடித்தால் கைதட்டல் வேகமாகும். தடுப்பான் முன்பே கையைப் பிடித்திருந்தால் வேகம் ஏறாது. பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. வீட்டில் யாராவது தினமும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒரு நாள்காட்டியில் அவர் மாத்திரை போட்டதும் ஒரு கோடு இட வேண்டும். மருந்தின் பெயரையோ நோயின் பெயரையோ வகுப்பில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது அவரவர் வீட்டு விஷயம். மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ அறிவுரை சொல்வது மாணவர் வேலையும் அல்ல, நம் வேலையும் அல்ல. "டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்று கேட்பது மட்டும் நம் வேலை.

மூன்று அறிகுறிகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்: நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வையும் மூச்சுத்திணறலும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி தெளிவாக இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வரலாம். வந்தால் சோடா அல்ல, 108.

நமக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை, தூக்கத்துக்கும் நடைக்கும் மாற்றல்ல. மூச்சுப் பயிற்சி, மாத்திரைக்கு மாற்றல்ல. எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. எங்கள் ஆசிரியர் அறையில் இப்போது காலை முதல் மணி அடித்ததும் யாராவது ஒருவர், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பார். ஐந்து குரல்கள் பதில் சொல்லும். அதில் ஒன்று என்னுடையது.

கட்டுரையை அந்த 110 மாணவியோடு முடிக்கிறேன். அவளுடைய அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுநர். எண்ணூர்ப் பக்கம் வரிசையில் மணிக்கணக்காக வண்டியோடு காத்திருக்கும் வேலை. மாத்திரை வாங்கி வைத்திருந்தும், தலை சுற்றினால் போடுவது, சரியானால் விடுவது என்றிருந்தாராம். பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு நாள்காட்டித் தாளை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். முப்பது கட்டங்களில் இருபத்தாறில் கோடு இருந்தது.

"நாலு நாள் விட்டுட்டாரு மிஸ். வண்டியிலேயே தங்கிட்டாரு, மாத்திரை வீட்டுல இருந்துச்சு. இப்போ ஒரு அட்டைய டிபன் பையிலயே வச்சுட்டேன்."

அந்தத் தாளுக்கு நான் மதிப்பெண் எதுவும் போடவில்லை. என் மாத்திரை அட்டையை எடுத்து அவளிடம் காட்டினேன். அன்றைய கட்டம் காலியாக இருந்தது. மாத்திரை என் வயிற்றுக்குள் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.